அரைஞாணோடு சேர்த்த எடை

"உன் பொண்ண நீ எப்பவாவது தனியா பாத்திருக்கியா?"

மாடி வீட்டு அக்கா இப்படிக் கேட்டபோது நான் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் என் இடுப்பில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. தினமும் தனியாகத்தான் பார்க்கிறேன், பகலில் வீட்டில் எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள் என்றேன். அக்கா தலையை ஆட்டினார்.

"அது நீ கூட இருக்கையில. நீ இல்லாதப்ப அவ எப்படி இருக்கான்னு பாத்திருக்கியா?"

"நான் இல்லாதப்ப நான் எப்படிக்கா பாக்க முடியும்?"

"அதான் என் ஆராய்ச்சியும்," என்று சொல்லிவிட்டு, கொடியிலிருந்து இரண்டு கிளிப்பைக் கடன் வாங்கிக்கொண்டு போனார்.

மகள் இப்போது யூகேஜி படிக்கிறாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. கிளிப்பும் திரும்பி வரவில்லை.

அக்காவின் பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் "இந்தக் கதைக்கு அது தேவையா?" என்று கேட்பார். எதற்கும் முதலில் இதைத்தான் கேட்பார். அவர் மாடி வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில், பக்கத்திலேயே குடியிருக்கும் வீட்டு ஓனரம்மா மாடிப்படியில் அவரை நிறுத்தி, "ஏம்மா, வீட்டுக்காரரு எப்ப வர்றாரு?" என்று விசாரித்தார். அக்கா கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார்.

"இந்த வாடகைக்கு அது தேவைப்படாதுங்க," என்றார்.

ஓனரம்மா தெலுங்கில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கினார். அக்கா திமிராகச் சொல்லவில்லை. அவர் பேச்சே அப்படித்தான். சொந்த ஊர் எல்லையோரம் தளி பக்கத்தில், வீட்டில் கன்னடம். எங்களிடம் தமிழ் பேசுவார், ஓனரம்மாவிடம் பாதித் தெலுங்கு பேசுவார், கணக்கு போடும்போது மட்டும் உதட்டுக்குள் ஒந்து, எரடு என்று ஓடும். வாரத்தில் சில நாள் காலை பஸ்ஸில் பெங்களூருக்குப் போவார். மற்ற நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு மாடியிலேயே இருப்பார். தெருவில் எல்லோரும் ஐ.டி. கம்பெனி என்று நினைத்திருந்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர் இயற்பியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறார் என்று. துகள்களின் எடைக்கு வரும் திருத்தங்களைக் கணக்கிடுவதுதான் வேலை. இதைக் கேட்ட ஓனரம்மா, "யாரு திருத்தச் சொன்னாங்க?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நான் பி.எஸ்சி. கணிதம். திருமணத்துக்குப் பிறகு இங்கே தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கையில் இருந்தவரை எனக்குப் பயம் என்று எதுவும் இருந்ததில்லை. ஒரு பாகத்தை அளந்தால் வரைபடத்தில் இருக்கும் அளவோடு ஒத்துப்போகும், அல்லது போகாது. போகாவிட்டால் சிவப்புக் கூடை. குழந்தை பிறந்த பிறகுதான் வரைபடம் இல்லாத பொருளை முதன்முதலாகக் கையில் வாங்கினேன்.

அதனால் அக்காவிடம் என் முதல் கேள்வியே கொஞ்சம் வாதமாகத்தான் இருந்தது. "எலக்ட்ரானோட எடை புத்தகத்திலேயே போட்டிருக்குதேக்கா. அதுல திருத்த என்ன இருக்குது?"

அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவர் டீ போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டீத்தூள், பால், சர்க்கரை போட்டுக் கொதித்ததும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். "இது முதல் கணக்கு." பிறகு இஞ்சி தட்டிப் போடுவார். மறுபடி ஒரு சொட்டு. "இது திருத்தம்." கடைசியாக ஏலக்காய்த் தோல் ஒன்று. மறுபடி ஒரு சொட்டு. "இதுக்கு மேல போட்டா நாக்குக்குத் தெரியாது," என்று அடுப்பை அணைத்துவிடுவார். எனக்கு அப்படி அணைப்பதுதான் ஆச்சரியம். நான் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தாலும் இன்னொரு தடவை பார்ப்பேன்.

"புத்தகத்துல இருக்கறது அளந்த எடை," என்றார் டம்ளரை நீட்டியபடி. "எலக்ட்ரான் சும்மா ஒக்காந்திருக்காது. ஒளித்துகள் ஒண்ண வெளிய விடும், திரும்ப எடுத்துக்கும். விட்டு எடுக்கற வழி ஒரு வளையம். அந்த வளையமும் சேர்ந்துதான் எடையில வரும்."

"அப்ப வளையத்தோடத கழிச்சுட்டா சுத்தமான எடை கெடைச்சிடுமில்ல?"

"கழிக்கப் பாத்தாங்க. வளையத்துல எவ்ளோ பெரிய ஆற்றல் வேணாலும் சுத்தலாம். எல்லாத்தையும் கூட்டினா முடிவிலி வருது."

"முடிவிலியா? அப்புறம்?"

"அப்புறம் நமக்குத் தெரிஞ்ச எல்லை வரைக்கும் மட்டும் கூட்டறது. அதுக்கு மேல என்ன இருக்குதுன்னு தெரியாது. தெரியாதது மொத்தத்தையும் ஒரு எண்ணுக்குள்ள தள்ளிட்டு, அந்த எண்ண அளந்த எடைய வெச்சு சரி பண்ணிக்கறது."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "எங்க கம்பெனில இப்படிப் பண்ணா ஆடிட்டர் வெளிய தள்ளிடுவாரு."

"எங்களுக்கும் ரொம்ப நாள் அந்தப் பயம் இருந்துச்சு," என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இன்னொரு நாள் தானாகவே மேற்கொண்டு சொன்னார். மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமலே கீழே சரியாகக் கணக்கு போட முடியும்; மேலே இருப்பதெல்லாம் கீழே இரண்டு மூன்று எண்களாகத்தான் வந்து சேரும். நான் விழித்தேன். "உன் வீட்டுக்காரரு கம்பெனியில நாள் முழுக்க என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவரு வாசக் கேட்டச் சாத்தற சத்தம் தெரியும். மாடில இருக்கற எனக்கு அது போதும்," என்றார். அன்றிலிருந்து என் கணவர் கேட்டைச் சாத்தும்போதெல்லாம் எனக்கு மாடியைப் பார்க்கத் தோன்றியது.

எல்லாத் துகளும் ஒரே மாதிரி இல்லையாம். எலக்ட்ரானுக்கு வரும் திருத்தம் அதன் சொந்த எடைக்குத் தகுந்தபடி சின்னதாகவே இருக்கும். வேறொரு வகைத் துகள் இருக்கிறது. அது மேலே எவ்வளவு கனமான சமாச்சாரம் இருந்தாலும் அதைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். அதற்கு வர வேண்டிய திருத்தம் அதன் எடையைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் ஒன்றை ஒன்று கழித்து, எப்படியோ சின்னதாக நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த வகையில்தான் அக்காவின் ஆராய்ச்சி.

நான் உடனே கேட்டேன். "என் பொண்ணு இதுல எந்த வகைக்கா?"

"உன் பொண்ணு பொண்ணு வகை."

நான் இப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மகள் சாப்பிட மாட்டாள். கேழ்வரகுக் கூழை வாயருகே கொண்டுபோனால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். தடுப்பூசி அட்டையில் எடைக்கு ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். மற்றக் குழந்தைகள் கோட்டின் மேல் ஏறிப் போவார்கள். என் மகள் கோட்டின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அங்கன்வாடியில் எடை பார்த்து ஒரு மாதம் கழித்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே எடை ஏறாதது மட்டுமில்லை, குறைந்திருந்தது. டாக்டர், அடுத்த மாதமும் குறைந்தால் பரிசோதனைகள் செய்ய வேண்டும் என்றார்.

கம்பெனியிலோ, திரும்ப வருகிறேனா இல்லையா என்று சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாகரசம்பட்டியிலிருந்து என் நாத்தனார் போன் செய்தார். அவருக்கு மாந்தோப்பும் இரண்டு கறவை மாடும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள்.

"கண்ணு, புள்ளைய எங்கிட்ட குடுத்துடு. நீ பாட்டுக்கு வேலைக்குப் போ. நல்லா தேத்தி, தூக்க முடியாத மாதிரி குடுக்கறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணி."

"நீ யோசிச்சு யோசிச்சுத்தான் புள்ள எளைச்சுப் போச்சு."

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்காவிடம் எடை குறைந்ததைச் சொன்னேன். மற்றவர்கள் எல்லோரும் "எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். அக்கா, "எதோட சேத்து அளந்தாங்க?" என்றார்.

கேள்வி புரிந்ததும் கைப்பையைத் திறந்தேன். அங்கன்வாடியில் துணித் தொட்டிலில் போட்டு எடை பார்த்தபோது மகள் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. அண்ணி போட்டுவிட்டது, நல்ல கனம். காலில் கொலுசு, கையில் காப்பு, அரைஞாணில் ஒரு தாயத்து. நான் கழற்றப் போனபோது அங்கிருந்த டீச்சர், "அரைஞாணக் கழட்டாதம்மா, வெறும் இடுப்பா இருந்தா கண்ணு பட்டுடும். எடை சொல்றப்பதான் ஜாஸ்தி படும்," என்று தடுத்துவிட்டார். மருத்துவமனை நர்ஸ் கன்னடக்காரர். அவருக்கு எங்கள் கண்ணைப் பற்றிக் கவலை இல்லை. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கழற்றியவை இன்னும் என் கைப்பையில்தான் இருந்தன.

கம்பெனியில் பாதியில் அளவுகோல் மாறியது என்று தெரிந்தால் அந்தத் தொகுதியின் அளவுகள் எல்லாவற்றையும் நான் தூக்கிப் போட்டிருப்பேன். என் பெண் விஷயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

இருவரும் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனோம். வெள்ளியைத் தராசில் வைத்ததும் கடைக்காரர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "அடகுக் கடை எதிர்லீங்க."

"எடை மட்டும் போதும்," என்றார் அக்கா.

"பருப்புத் தராசுங்க இது."

"பருப்புன்னே நெனச்சுக்கங்க."

கடைக்காரர் எடையைச் சொன்னார். அக்கா உதட்டுக்குள் கன்னடத்தில் கழித்தார். குறைந்ததாகச் சொன்ன எடையில் பெரும்பகுதி அரைஞாணும் கொலுசுமாகத் தராசில் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பெரும்பகுதிதான், முழுவதும் இல்லை.

"மீதி?" என்று கேட்டேன்.

"மீதி நெசம்," என்றார் அக்கா.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் அடங்கச் சில நாட்கள் ஆயின. நன்றியும் அதே சமயத்தில்தான் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் மகளுக்கு ஊட்டுவதை அக்கா உட்கார்ந்து கவனித்தார். கவனிப்பது என்றால், மூச்சுவிடும் சத்தமே கேட்காது. நான் கரண்டியை நீட்டினேன். மகள் உதட்டை மடித்தாள். மறுபடி நீட்டினேன். கிண்ணம் ஆறிப்போனது.

"நீ அவ மொகத்தப் பாக்கற," என்றார் அக்கா. "அவ உன் மொகத்தப் பாக்கறா. நீ பயந்திருக்க. அப்ப இந்தக் கூழுல என்னமோ இருக்குதுன்னு வாய மூடிக்கறா. மூடினதப் பாத்து நீ இன்னும் பயப்படற. அதையும் அவ பாக்கறா."

"என்ன பண்ணணும்கிற?"

"எனக்குத் தெரியாது. நான் வளையத்த மட்டும்தான் சொல்லுவேன்."

மறுநாள் மதியம் கிண்ணத்தோடு மகளையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் கீழேயே இருக்க வேண்டும். நான் இருந்தேன். அதாவது, படியின் பாதி வரை போய் நின்றிருந்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் காலிக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். மகள் வாயைச் சுற்றிலும் கூழ். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

ஒரு தாய்க்கு இதைவிடச் சந்தோஷமான காட்சி இல்லை என்பார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. கோளாறு என்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தர ஆய்வில் கோளாறு தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரே முறைதான். அன்று சாயங்காலமே அண்ணிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். கணவர் கேட்டைச் சாத்தாமலே உள்ளே வந்து, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு அன்று அண்ணி கிருஷ்ணகிரி பஸ்ஸில் வந்து இறங்கினார். மகளின் துணிமணிப் பையை வாசலில் வைத்திருந்தேன். பையைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே வந்தார். அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் மாடில எடை போடறவங்களா? அளந்து அளந்தே புள்ளைய பாதியாக்கிட்டீங்க ரெண்டு பேரும்."

"பாதி ஆகலீங்க," என்றார் அக்கா. "கொஞ்சம்தான் கொறைஞ்சிருக்குது."

"சமாதானம் சொல்ற லட்சணத்தப் பாரு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன் அனுப்பற?"

"நான் இல்லன்னா அவ சாப்பிடறா. நீயே காட்டினியேக்கா. என்னக் கழிச்சுட்டா அவ நல்லா இருப்பா."

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குரல் ஏறவில்லை. வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"நீ இல்லாதப்ப அவ சாப்பிட்டான்னு நான் சொல்லல. என்னோட இருந்தப்ப சாப்பிட்டா. அது வேற. உன்ன எடுத்தா அந்த எடத்துல நான் வந்தேன். என்ன எடுத்தா இவங்க வருவாங்க. யாருமே இல்லாத உன் பொண்ணுன்னு ஒண்ண எங்கயும் வெச்சு அளக்க முடியாது. அப்படி ஒண்ணு கெடைக்கும்னு நெனச்சுத்தான கழிக்கற? கழிச்சா மிச்சம் வராது."

அண்ணிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் கிண்ணத்தை எடுத்து, மகளை மடியில் போட்டு, "இப்படிக் குடுத்தா எந்தப் புள்ளதான் திங்காது," என்று ஆரம்பித்தார். என்னைக் கண்ணில் படாமல் போகச் சொன்னார். நான் மொட்டை மாடிக்குப் போய்க் கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே மகள் அழுதாள். சாதாரண அழுகை இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழும் அழுகை. இறங்கிப் போனபோது அண்ணியின் புடவை முழுக்கக் கூழ். மகள் என்னிடம் தாவி, கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அண்ணி ரொம்ப நேரம் புடவையைத் துடைத்தார். பிறகு எழுந்து, குழந்தையின் அரைஞாண் கொக்கியைச் சரிபார்த்து இறுக்கினார். அக்காவைப் பார்த்து, "இத மட்டும் கழட்டச் சொல்லாதீங்க," என்றார்.

"கழட்ட மாட்டோம்ங்க. அதோட எடை எங்களுக்குத் தெரியும்."

"உங்க ஊர்ல பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்களா?"

"இல்லீங்க. என்னத்தான் திட்டுவாங்க."

அண்ணி முதல்முறையாகச் சிரித்தார். பையை விட்டுவிட்டுத்தான் போனார். மாங்காய் சீசனில் கூடையோடு வந்தார், இன்றுவரை வருகிறார். நான் கம்பெனிக்குத் திரும்பவில்லை. மகளுடைய எடை அடுத்த மாதம் கொஞ்சம் ஏறியது, அதற்கடுத்த மாதம் நின்றது, பிறகு ஏறியது. கோட்டின் கீழ் விளிம்பை அவள் விடவே இல்லை. டாக்டர் ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. அன்று மகளை அனுப்பாமல் அவளுக்காக வைத்துக்கொண்டேனா, எனக்காக வைத்துக்கொண்டேனா என்று இப்போதும் சில சமயம் கழித்துப் பார்ப்பேன்.

அக்காவின் ஆராய்ச்சி முடிந்தது. வீட்டைக் காலி செய்த அன்று, "எடை வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. அளந்ததோட ஒத்துப்போவுது."

"அப்ப சந்தோஷந்தான?"

"ஒத்துப்போவலன்னா சந்தோஷமா இருந்திருக்கும். புதுசா ஏதாவது இருக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்."

எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டேன். வெளிநாடு என்றார். எந்த நாடு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தேவைப்படாது என்று விட்டுவிட்டேன். ஓனரம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். மகளின் கன்னத்தைத் தொடவில்லை, முத்தமும் கொடுக்கவில்லை. குனிந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளும் பார்த்தாள். அக்காவுக்குக் குழந்தைகளைப் பிடிக்குமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் என் மகளை அவ்வளவு நேரம் பயப்படாமல் பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகளின் பள்ளியில் இந்த வருடம் வகுப்பறைகளில் கேமரா வைத்திருக்கிறார்கள். பெற்றோர் போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் வகுப்பு நடக்கும்போதே பிள்ளையைப் பார்க்கலாம். மிஸ் சொல்கிறார், அவள் அங்கே டப்பா முழுவதும் சாப்பிடுகிறாளாம், வாய் ஓயாமல் பேசுகிறாளாம், பக்கத்துப் பெண்ணுக்குக் கன்னடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாளாம். வீட்டில் இவள் இப்படி இல்லை. வீட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய் வாங்குகிறாள்.

ஆப்பை இறக்கி வைத்திருக்கிறேன். திறக்கவில்லை. திறந்தால் நான் இல்லாத இடத்தில் என் மகளை முதன்முறையாகப் பார்ப்பேன். அக்கா கேட்டதற்கு விடை அங்கே இருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பள்ளி கேட் அருகே அவளுக்காக நிற்கும்போது என் முகத்தில் நான் பார்த்தது இருக்குமே. அவள் பார்த்துவிடுவாளே.

இதைப் படிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கலாமா? பார்த்தவர்கள், அன்று சாயங்காலம் பிள்ளையை எந்த முகத்தோடு கூட்டிவரப் போனீர்கள் என்பதையும் சேர்த்து எனக்குச் சொல்லுங்கள்.